அடுத்தது பிறந்த வீட்டில் தலைச்சன் பிள்ளை

தம்பியோ தங்கையோ பிறக்கும்போது, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைக்கு என்ன ஆகிறது? நெடுங்காலமாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி இது. பதில் சொன்னவர்கள் துறைக்குத் துறை மாறுபடுகிறார்கள். இறையியலாளர் பொறாமை என்றார். மனப்பகுப்பாய்வாளர் இழப்பு என்றார். மருத்துவர் ஊட்டக்குறை என்றார். எல்லாம் குடும்பத்தின் அமைப்பைப் பொறுத்தது என்றார் மானிடவியலாளர். கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் வீடு வீடாகப் போய்க் கவனித்த உளவியலாளர்களில் சிலரோ, பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் ஆவதில்லை என்கிறார்கள். இந்தப் பதில்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு பொதுப்பழக்கம் தெரிகிறது. ஏறக்குறைய எல்லோரும் புதிதாகப் பிறந்த குழந்தையையே காரணமாக வைத்துப் பேச்சைத் தொடங்குகிறார்கள். ஆனால் ஒரு பிறப்பு தனியாக வருவதில்லை. யார் சோறு ஊட்டுவது, யார் பக்கத்தில் படுப்பது, தாய்ப்பால் எப்போது நின்றது, அம்மா எத்தனை நாள் கண்ணில் படவில்லை, அந்த நாட்களில் யார் கூட இருந்தார்கள் என்று ஒரு மூட்டை மாற்றங்களும் அதோடு வருகின்றன. சான்றுகளை நெருங்கிப் படித்தால், மூத்த குழந்தைக்கு நேர்வதில் பெரும்பங்கை இந்த மாற்றங்களே தீர்மானிப்பதாகத் தோன்றுகிறது. இப்படிப் படிப்பதற்கு எதிராகச் சொல்லக்கூடியவையும் வலுவானவையே. அவற்றையும் எடைபோட வேண்டும்.

பட்டம் இழந்த பிள்ளை

கி.பி. 400-ஐ ஒட்டி எழுதப்பட்ட தன் தன்வரலாற்று நூலில் அகஸ்டின், பேச்சு வராத ஒரு குழந்தை, தன்னோடு ஒரே மார்பில் பால் குடிக்கும் இன்னொரு குழந்தையை முகம் வெளுத்து வெறித்துப் பார்த்ததைச் சொல்கிறார். மனிதர் குற்றத்தோடே பிறக்கிறார்கள் என்பதற்கு அவருக்கு அது போதுமான சான்றாக இருந்தது. பதினைந்து நூற்றாண்டுகள் கழித்துப் பிராய்ட் அதே பார்வையை எடுத்துக்கொண்டு, பாவம் இருந்த இடத்தில் ஆசையை வைத்தார். 1909-இல் அவர் வெளியிட்ட ‘குட்டி ஹான்ஸ்’ ஆய்வில், மூன்றரை வயதில் தங்கை பிறந்தது அந்தச் சிறுவனின் அச்சங்களுக்குப் பின்னாலிருந்த முக்கிய நிகழ்ச்சிகளில் ஒன்று. 1917-இல் எழுதிய ஒரு கட்டுரையில், சிறுவயதில் மண்சட்டிகளைச் சன்னல் வழியே தெருவில் வீசி உடைத்ததாகக் கெதே தன்வரலாற்றில் சொல்லும் நினைவை எடுத்து, அந்தச் சிறுவன் உண்மையில் வெளியே எறிய விரும்பியது புதிதாகப் பிறந்த தம்பியைத்தான் என்று பொருள் கண்டார். ஆல்பிரட் அட்லர் இதையே அரியணை இழத்தலாகச் சொன்னார். அதுவரை தனியாட்சி செய்த மூத்த பிள்ளை இறக்கப்படுகிறது. அந்த இறக்கம் அதன் குணத்தில் ஆயுளுக்கும் தங்குகிறது. இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். பிராய்டுக்கு ஒன்றரை வயதுகூட ஆகாதபோது தம்பி யூலியுஸ் பிறந்தான். சில மாதங்களில் இறந்தும் போனான். அந்தத் தம்பியைத் தான் கெட்ட எண்ணத்தோடும் பொறாமையோடும் வரவேற்றதாகவும், அவன் சாவு தன்னுள் குற்ற உணர்வை விட்டுச்சென்றதாகவும் 1897-இல் நண்பர் பிளீஸுக்கு எழுதிய கடிதத்தில் பிராய்ட் குறிப்பிடுகிறார். நாற்பது வயதைக் கடந்தவர் ஒன்றரை வயதைப் பற்றிச் சொன்ன சாட்சியம் அது. அட்லரோ ஓர் அண்ணனுக்குப் பின்னால் பிறந்தவர்.

இந்த மரபின் பலவீனம் சான்று திரட்டிய விதத்தில் இருக்கிறது. கையிலிருந்தவை பெரியவர்களின் நினைவுகள், இல்லையென்றால் சிகிச்சைக்கு வந்த குழந்தைகள். சோதனையாக்க முயன்றவர்களும் இதைத் தாண்டவில்லை. நியூயார்க்கில் டேவிட் லெவி 1930-களில் நடத்திய பொம்மை ஆய்வுகள் பெயர் பெற்றவை. தாய்ப் பொம்மை, அதன் மார்பில் குழந்தைப் பொம்மை, பக்கத்தில் மூத்த பிள்ளைப் பொம்மை. மூத்தது இதை முதன்முறையாகப் பார்க்கிறது, இப்போது என்ன செய்யும் என்று கேட்பார்கள். பல குழந்தைகள் சின்னப் பொம்மையை அடித்தன, பிய்த்தன. ஆனால் காட்சியை இப்படி அமைத்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டால், கேள்வியே பாதிப் பதிலைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. அதற்காக இந்த மரபை ஒதுக்கிவிட முடியாது. மனப்பகுப்பாய்வாளர் வின்னிகாட் இறந்தபின் 1977-இல் வெளிவந்த ‘பிகிள்’ நூலில், இருபத்தொரு மாதத்தில் தங்கை பிறந்த ஒரு சிறுமி தூக்கமிழந்து, பயந்து, தன்னையே தனக்கு அடையாளம் தெரியாமல் போனவள்போலத் தவிப்பதை அவர் பொறுமையாகப் பதிவு செய்திருக்கிறார். இரண்டு வயதுக் குழந்தைக்கும் துக்கம் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொண்டவர்கள் இவர்கள்தான். அந்தத் துக்கம் எத்தனை பிள்ளைகளுக்கு வருகிறது, எதனால் வருகிறது என்பதை அவர்களுடைய முறையால் சொல்ல முடியவில்லை.

ஒன்பது நாள், ஐந்து குழந்தைகள்

எதனால் என்ற கேள்விக்கு மிக நெருக்கமாக வந்த சான்று, சின்னஞ்சிறு அளவில் நடந்த ஓர் ஆய்விலிருந்து கிடைக்கிறது. 1960-களின் இங்கிலாந்தில் பிரசவத்துக்காகத் தாய் ஒருவாரம் பத்துநாள் மருத்துவமனையில் தங்குவது வழக்கம். அந்த நாட்களில் மூத்த குழந்தையை என்ன செய்வது? ஜேம்ஸ், ஜாய்ஸ் ராபர்ட்சன் தம்பதி இந்த நிலையிலிருந்த ஐந்து குழந்தைகளைப் படமெடுத்தார்கள். 1969-இல் வெளியான படத்தின் நாயகன் ஜான், பதினேழு மாதக் குழந்தை. அவன் ஒன்பது நாள் ஒரு குழந்தைகள் இல்லத்தில் விடப்பட்டான். செவிலியர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் முறைவைத்து மாறிக்கொண்டே இருந்தார்கள். ஜான் ஒவ்வொருவராக நாடிப் போகிறான். ஒவ்வொருவரும் வேலை முடிந்து போய்விடுகிறார்கள். சில நாட்களில் அவன் உணவை மறுக்கிறான், பெரிய பொம்மை ஒன்றைக் கட்டிக்கொண்டு படுத்துக்கிடக்கிறான். கடைசியில் அழைத்துப்போக வந்த தாயிடமிருந்தே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மற்ற நான்கு குழந்தைகளை ராபர்ட்சன் தம்பதி தங்கள் வீட்டிலேயே, ஒவ்வொன்றாக, வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஜேனுக்கும் பதினேழு மாதம்தான். முன்கூட்டியே பழக விட்டார்கள். குழந்தைக்கு வழக்கமான உணவு, படுக்கை, தூங்கும் நேரம் எல்லாவற்றையும் கேட்டறிந்து அப்படியே தொடர்ந்தார்கள். அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். இந்த நால்வரும் ஏங்கினார்கள், சிணுங்கினார்கள், அடம் பிடித்தார்கள். ஆனால் ஜானைப்போல் உடைந்துபோகவில்லை. தாயைப் பிரிந்த சிறு குழந்தை எதிர்ப்பு, நம்பிக்கையின்மை, விலகல் என்ற படிகளைக் கடந்தே தீரும் என்ற மனநல மருத்துவர் பௌல்பியின் கருத்திலிருந்து ராபர்ட்சன்கள் விலகியது இதை வைத்துத்தான்.

மறுப்புகள் எளிதானவை. ஐந்தே குழந்தைகள், கவனித்தவர்களே வளர்த்தவர்கள், அவர்களுக்கு நிறுவ வேண்டிய ஒரு கருத்தும் இருந்தது. மூவர் ஜானைவிட மூத்தவர்கள், ஓரளவு பேசத் தெரிந்தவர்கள். இவ்வளவையும் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. ஐவருக்கும் நடந்த நிகழ்ச்சி ஒன்றே: அம்மாவுக்கு இரண்டாவது பிரசவம். விளைவுகள் பிரிந்தது, இடைப்பட்ட நாட்களில் அவர்களைக் கவனித்த கைகள் நிலையாக இருந்தனவா என்பதைப் பொறுத்து. இன்றைய தமிழ்நாட்டில் சுகப்பிரசவத்துக்கு அத்தனை நாள் மருத்துவமனையில் இருப்பதில்லை என்பது உண்மை. ஆனால் 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். வயிற்றில் தையலோடு வீடு திரும்பிய பச்சை உடம்புக்காரி இரண்டு வயதுக் குழந்தையை வாரக்கணக்கில் இடுப்பில் தூக்கக்கூடாது. அம்மா கண்முன்னே இருக்கிறாள், ஆனால் தூக்க மாட்டாள். இந்தப் பிரிவுக்குப் பழைய ஆய்வுகளில் இடமே இல்லை.

சவலை

மனத்தைப் பற்றிய விவாதம் ஐரோப்பாவில் நடந்துகொண்டிருந்தபோது, உடலைப் பற்றிய விவாதம் வெப்பமண்டல நாடுகளில் நடந்தது. இரண்டும் ஒன்றையொன்று பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை என்பது வியப்புதான். தாய் மறுபடி கருவுற்றதும் பால் மறக்கடிக்கப்பட்டு, வயிறு உப்பி, கைகால் சூம்பி, நச்சரித்துக்கொண்டே இருக்கும் பிள்ளையைத் தமிழர்கள் சவலை என்றார்கள். சித்த மருத்துவத்தின் குழந்தைநோய் நூல்களிலும் அது நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. அன்றைய கோல்டு கோஸ்ட்டில், இன்றைய கானாவில், பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1933-இல் விவரித்து, 1935-இல் ‘குவாஷியோர்கர்’ என்று பெயரிட்டு அறிமுகப்படுத்திய நோய் இதற்கு மிக நெருங்கியது. அந்தப் பெயரை அவர் அக்ரா பகுதியின் கா மொழி பேசும் தாய்மாரிடமிருந்து பெற்றார். அடுத்தது பிறக்கும்போது மூத்ததைப் பற்றும் நோய் என்பது அவர்கள் விளக்கம். கடலுக்கு இருபுறமும் தாய்மார் ஒரே வரிசையைக் கண்டிருந்தார்கள்: கரு, பால் நிறுத்தம், மூத்ததன் மெலிவு.

மருத்துவம் இந்த வரிசையிலிருந்து ஒரே ஒரு இழையைத்தான் எடுத்துக்கொண்டது, அதாவது புரதம். அடுத்த முப்பது ஆண்டுகள் உலக அமைப்புகள் புரதப் பற்றாக்குறையைத் துரத்தின. ஐதராபாத்தில் சி. கோபாலன், ஒரே வகை உணவை உண்ணும் குழந்தைகளில் சிலருக்கு குவாஷியோர்கரும் சிலருக்கு உடல் வற்றும் நோயும் வருவதைக் காட்டி, ஒட்டுமொத்த உணவே போதாமல் இருப்பதுதான் சிக்கல் என்று வாதிட்டார். 1974-இல் டொனால்ட் மெக்லாரன் புரதக் கதை முழுவதையும் பெருந்தோல்வி என்றே எழுதினார். மலாவி இரட்டையரிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு, குடல் நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்குண்டு என்றது. நோய் ஏன் ஒரு குழந்தைக்கு வந்து இன்னொன்றுக்கு வருவதில்லை என்பது இன்றும் முழுமையாகத் தெளியவில்லை. நம் கேள்விக்கு வேண்டியது வேறொன்று. மெலிவைக் கொண்டுவந்தது தம்பியின் பிறப்பு என்பதைவிட, அதற்கு முன்பே மார்பில் வேப்பெண்ணெய் தடவிப் பால் நிறுத்தப்பட்டதும், அந்தப் பாலுக்கு ஈடாகத் தட்டில் எதுவும் வராததும்தான். கருவுற்றவளின் பால் மூத்ததுக்கு ஆகாது என்ற நம்பிக்கை இதில் பெரிய பங்காற்றியது. சிக்கலில்லாத கர்ப்பத்தில் பாலூட்டுவதைத் தொடரலாம் என்பதே இன்றைய மருத்துவக் கருத்து.

இந்த வாதத்தை இன்னும் ஓர் அடி நகர்த்துவது பொருளியலாளர்களின் வேலை. சீமா ஜெயச்சந்திரனும் இலியானா குஸியெம்கோவும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் பெண் குழந்தைகள் ஆண் குழந்தைகளைவிடக் குறைந்த காலமே தாய்ப்பால் பெறுவதைக் காட்டியது. காரணமாக அவர்கள் முன்வைத்தது எளிய விஷயம்: ஆண் பிள்ளை இன்னும் பிறக்காத வீட்டில் அடுத்த கர்ப்பத்துக்கு அவசரம், பாலூட்டல் கருவுறுதலைத் தள்ளிப்போடும், எனவே பால் விரைவில் நிறுத்தப்படுகிறது. அப்படியானால் தலைச்சன் பெண் குழந்தையின் இழப்பு தம்பி பிறக்கும் முன்னே, அவன் கருவாகும் முன்னே தொடங்கிவிடுகிறது. யாரைக் கண்டு அது பொறாமைப்படும்? இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. ஜெயச்சந்திரனும் ரோகிணி பாண்டேயும் 2017-இல், இந்தியத் தலைச்சன் பிள்ளைகள் ஆப்பிரிக்கத் தலைச்சன்களைவிட உயரத்தில் குறைந்தவர்களில்லை என்றும், இடைவெளி இரண்டாவது பிள்ளையில் தொடங்கி அடுத்தடுத்து விரிவதாகவும் காட்டினார்கள். மூத்த மகனுக்குக் குடும்பம் தரும் முன்னுரிமை அவர்களின் விளக்கம். அட்லரின் அரியணை இந்திய வீட்டில் மூத்த மகனுக்குக் கீழிருந்து அவ்வளவு எளிதில் உருவப்படுவதில்லை போலும். இரண்டு முடிவுகளும் இந்தியா முழுமைக்குமானவை. அதே குடும்பநல ஆய்வில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளைகள் என்ற நிலைக்கு வந்துவிட்ட தமிழ்நாட்டுக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்பதில் நிதானம் தேவை.

பல கைகளில் வளரும் பிள்ளை

தனிக்குடும்பத்தில் ஒரே ஒருத்தி வளர்க்கும்போதுதானே இந்தச் சங்கடம். பாட்டி, அத்தை, சித்தி என்று பல கைகள் இருக்கும் வீட்டில் மூத்ததுக்கு என்ன குறை? நம்மூர்ப் பேச்சில் அடிக்கடி கேட்கும் இந்த வாதத்துக்கு மானிடவியலில் ஆதரவு உண்டு. உலகின் பல சமூகங்களில் மூத்த குழந்தைகளே தங்கள் இளையவர்களை வளர்ப்பதை வைஸ்னரும் கேலிமோரும் 1977-இல் தொகுத்துக் காட்டினார்கள். கலஹாரியின் குங் மக்களிடையே, நாடோடி வாழ்வு நீடித்தவரை, இரண்டு பிறப்புகளுக்கு இடையே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் இருந்தன. அங்கே தம்பி பிறக்கும்போது மூத்தது நடைபழகும் குழந்தையே அல்ல. மறுபக்கம், பாலியில் தாய்மார் அயல்வீட்டுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தங்கள் குழந்தையை வேண்டுமென்றே சீண்டுவதைப் பேட்சனும் மார்கரெட் மீடும் 1942-இல் படங்களோடு பதிவு செய்தார்கள். பொறாமையைத் தூண்டி, அதைத் தாங்கப் பழக்குவதும் ஒரு வளர்ப்பு முறைதான்.

இந்தியாவைப் பற்றி எழுதியவர்கள் தங்களுக்குள்ளேயே முரண்படுகிறார்கள். சுதிர் கக்கர் 1978-இல் வெளியிட்ட நூலில், இந்திய ஆண் குழந்தை நாலைந்து வயதுவரை தாயின் அரவணைப்பில் தடையின்றித் திளைத்து, பிறகு திடீரென ஆண்களின் உலகில் தள்ளப்படுவதாகச் சொன்னார். ஸ்டான்லி குர்ட்ஸ் 1992-இல் இதை மறுத்தார். இந்தியக் குழந்தை ஒரு தாயிடமிருந்து மெல்ல மெல்லப் பல தாய்மாரின் குழுவுக்கு நகர்த்தப்படுகிறது, அது இழப்பாக உணரப்படுவதில்லை என்றார். 1990-இல் வெளியான மார்கரெட் டிராவிக்கின் நூல் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு வாழ்ந்து எழுதப்பட்டது. தன் பிள்ளைமேல் உள்ள பாசத்தைத் தாய் வெளிக்காட்டாமல் அடக்கிக்கொள்வதையும், மற்றவர் பிள்ளையை முன்னிறுத்துவதையும், பாசத்திலேயே கலந்திருக்கும் கடுமையையும் அவர் கவனித்தார். மூவரில் தமிழ் வீட்டின் அன்றாடத்துக்கு மிக அருகில் வந்தவர் அவரே என்று சொல்லலாம். ஆனால் அது ஒரே ஒரு குடும்பம். கக்கர் பெரிதும் நம்பியவை தொன்மங்களும் சிகிச்சை அறையும். பல கைகள் என்ற வாதத்தின் உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. கைகளின் எண்ணிக்கையைவிட, அந்தக் கைகள் குழந்தைக்கு ஏற்கெனவே பழக்கமானவையா என்பதே முக்கியம். அன்றாடம் சோறூட்டும் பாட்டி வேறு. பிரசவத்துக்காக ஊரிலிருந்து வந்திறங்கும், குழந்தை முகம் மறந்துபோன பாட்டி வேறு. கூட்டுக்குடும்பத்தின் பெயரில் இரண்டையும் ஒன்றாகக் கணக்கிட்டால், ஜானுக்கு இல்லத்தில் செவிலியர்கள் இருந்தார்களே என்றும் சொல்லலாம்.

வீட்டுக்குள் போய்க் கவனித்தவர்கள்

பிறப்புக்கு முன்பே தொடங்கி, வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து கவனிக்கும் முறை கேம்பிரிட்ஜில் ஜூடி டன், கேரல் கெண்ட்ரிக் இருவரின் ஆய்வோடு வலுப்பெற்றது. நாற்பது குடும்பங்கள், மூத்த குழந்தைகளுக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் மூன்றரை வயது, நூலாக வெளிவந்தது 1982-இல். அவர்கள் கண்டவற்றில் பலவும் பெற்றோர் அறிந்தவை: அடம் கூடியது, தூக்கம் கெட்டது, பழகிய கழிப்பறைப் பழக்கம் சிலரிடம் பின்வாங்கியது. கூடவே பலர் திடீரென வளர்ந்தும்விட்டார்கள். தானே சாப்பிடுவேன், தானே உடுத்துவேன் என்றார்கள். ஆனால் முக்கியமான கண்டுபிடிப்பு தாயின் பக்கம் இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு தாய் மூத்ததோடு விளையாடுவதும், பேச்சைத் தொடங்குவதும் குறைந்தன. தடுப்பதும் கண்டிப்பதும் கூடின. குழந்தை மாறியது என்று நாம் சொல்லும் அதே வாரங்களில் குழந்தையிடம் பேசும் விதம் மாறிவிட்டிருந்தது. பிறந்த குழந்தைக்கும் பசி, விருப்பம், வலி உண்டு என்று மூத்ததிடம் எடுத்துச்சொல்லிப் பேசிய வீடுகளில், ஓராண்டு கடந்த பிறகு இருவரின் உறவு இணக்கமாக இருந்தது. தந்தையோடு நெருக்கமாக இருந்த பிள்ளைகள் தாயோடான மோதலில் ஓரளவு தப்பித்தார்கள். தாயோடு மிக நெருக்கமாக இருந்த பெண் குழந்தைகள் பிறகு இளையதிடம் கூடுதல் பகைமை காட்டினார்கள் என்பது, நல்ல உறவு எல்லாவற்றையும் காக்கும் என்ற எளிய நம்பிக்கையைக் குலைக்கிறது. இழப்பு என்ற பழைய கோட்பாட்டுக்கு இங்கே கொஞ்சம் வரவு வைக்கத்தான் வேண்டும்.

டக்ளஸ் டெட்டியும் உடன் ஆய்வாளர்களும் 1996-இல் ஏறத்தாழ இருநூறு குடும்பங்களை வைத்து, மூத்த குழந்தையின் பற்றுறவுப் பாதுகாப்பு, அதாவது தாயை நம்பிச் சார்ந்திருக்கும் உறுதி, பிறப்புக்குப் பின் சராசரியாகக் குறைவதைக் காட்டினார்கள். இரண்டு வயதுக்குக் கீழே இருந்தவர்களிடம் சரிவு சிறிதாக இருந்தது. நடக்கப்போவது என்னவென்று புரியாத வயதே அவர்களைக் காத்ததோ என்னவோ. மிச்சிகனில் பிரெண்டா வோலிங் 241 குடும்பங்களைக் கர்ப்பத்திலிருந்து குழந்தையின் முதலாண்டு வரை தொடர்ந்தார், தந்தையரையும் சேர்த்துக்கொண்டார். 2017-இல் அவர் குழுவினர் வந்தடைந்த முடிவு இது: பெரும்பாலான குழந்தைகளிடம் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. சிக்கல் காட்டியவர்களில் பலர் பிறப்புக்கு முன்பே அதைக் காட்டியவர்கள். இதை வளர்ச்சி நெருக்கடி என்று அழைக்கச் சான்றில்லை. பிராய்டிலிருந்து இதுவரை ஏறக்குறைய நூறாண்டு விவாதத்தை இது முடித்துவைத்தது என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். அவசரப்பட வேண்டியதில்லை. சராசரி அசையாமல் இருக்கும்போதே அதற்குள் சிலர் ஏறுவதும் சிலர் இறங்குவதும் நடக்கலாம். பெற்றோர் நிரப்பும் வினாப்படிவம் தொல்லையைப் பிடிக்கும். ஒடுங்கிப்போன குழந்தையின் அமைதியை நல்ல பிள்ளைத்தனம் என்றும் பதியக்கூடும். அதோடு, மிச்சிகன் குடும்பங்களில் பெரும்பாலானவை இரு பெற்றோரும் சேர்ந்து வாழ்ந்தவை, ஓரளவு வசதியானவை. அங்கே பெரிய பாதிப்பு தெரியவில்லை என்பது, பராமரிப்பு குலையாத வீட்டில் பிறப்பு மட்டும் பெரிய தீங்கு செய்வதில்லை என்பதற்குத்தான் சான்று.

போனபோக்கள் எழுப்பும் ஐயம்

இதுவரை சொன்னதற்கு மிக வலுவான எதிர்ச்சான்று மனிதர்களிடமிருந்து வரவில்லை. காங்கோவின் லூயிகோட்டாலே காட்டில் போனபோ மனிதக்குரங்குகளின் சிறுநீரைச் சேகரித்து ஆராய்ந்த பெரிங்கர் குழுவினர் 2022-இல் வெளியிட்ட முடிவு இது. தம்பி தங்கை பிறந்ததும் மூத்த குட்டியின் உடலில் அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசோலின் அளவு ஐந்து மடங்கு உயர்ந்தது. ஏறத்தாழ ஏழு மாதம் அப்படியே இருந்தது. குட்டியின் வயது இரண்டானாலும் எட்டானாலும் வேறுபாடில்லை. பாலூட்டலும் சுமந்து திரிதலும் குறைந்ததைக் கணக்கில் எடுத்துப் பார்த்தும் அந்த உயர்வை விளக்க முடியவில்லை. அதாவது, கூட வரும் மாற்றங்களைக் கழித்த பிறகும் பிறப்பு என்ற நிகழ்ச்சிக்கே ஒரு விளைவு இருக்கிறது. இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு இது நேர் எதிர்.

இரண்டு மறுமொழிகள் உண்டு. இரண்டும் முழுமையானவை அல்ல. கார்ட்டிசோல் ஏறுவது உடல் விழிப்படைவதைக் காட்டும். துன்பத்தின் அளவையும் நெடுங்காலத் தீங்கையும் அது தானாகக் காட்டாது. ஆய்வாளர்களே இதைத் தாங்கக்கூடிய, ஒருவேளை வளர்ச்சிக்கு உதவக்கூடிய அழுத்தமாகவும் பார்க்க இடம் தருகிறார்கள். இரண்டாவது மறுமொழி உயிரியல் சார்ந்தது. போனபோத் தாய் தன் குட்டியைத் தனியாகவே வளர்க்கிறாள். மனித இனமோ, சாரா ஹார்டி 2009-இல் விரிவாக வாதிட்டதுபோல, பாட்டியும் பிறரும் பகிர்ந்து வளர்க்கும் முறையிலேயே உருவான இனம். எனவே போனபோக்கள் காட்டுவது, மாற்றுக் கைகள் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதாக இருக்கலாம். ஆனால் பகிர்ந்து வளர்க்கும் வீட்டுக் குழந்தைகளிடம் இதே அளவீட்டைச் செய்து பார்க்கும்வரை, இது நல்ல ஊகம் என்பதற்கு மேல் எதுவும் இல்லை.

கணக்கில் வராத வயது

கொள்கை வகுப்பவர்கள் இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் புதுக் குழந்தையின் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறார்கள். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வார விடுப்பு வந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் கட்டாயமானது. முறைசாராத் தொழிலில் இருக்கும் பெரும்பாலான பெண்களுக்கு இது எட்டாது. மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு; தனியார் துறைத் தந்தைக்கு அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. டன், வோலிங் ஆய்வுகளில் தந்தையின் பங்கு திரும்பத் திரும்ப வருவதை நினைத்தால், அந்த 15 நாள் உண்மையில் யாருக்குத் தேவை என்று கேட்கத் தோன்றும். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் அங்கன்வாடியின் முன்பருவக் கல்வி மூன்று வயதில்தான் தொடங்குகிறது. தமிழ்நாடு இதில் வேறுபட்டது. 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் குழந்தைகள் மையங்களில் இரண்டு வயது நிறைந்தவர்களையே சேர்த்துக்கொண்டது. பசியைப் போக்க வந்த திட்டம், பால் மறந்த தலைச்சனுக்கு ஒரு வேளைச் சோற்றையும் அன்றாடம் மாறாத ஓர் ஆயாவையும் தந்தது. அதன் இந்தப் பக்கத்தை அளந்து பார்ப்பது பயனுள்ள வேலையாக இருக்கும்.

திறந்தே இருப்பவை பல. எந்தக் குடும்பத்துக்கு எத்தனை ஆண்டு இடைவெளியில் அடுத்தது பிறக்க வேண்டும் என்று சீட்டுக் குலுக்கிச் சோதிக்க முடியாது. ஆகவே வயது இடைவெளியின் விளைவையும், இடைவெளியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்களின் வசதியையும் பிரித்துச் சொல்வது எப்போதும் கடினமாகவே இருக்கும். இங்கே எடை கூடிய நெடுநாள் ஆய்வுகள் கேம்பிரிட்ஜிலும் மிச்சிகனிலும் நடந்தவை. உணவையும் பால் நிறுத்தத்தையும் அவை பொருட்படுத்தவில்லை. உணவைப் பற்றிய ஆய்வுகளோ குழந்தையின் மனத்தைக் கேட்கவில்லை. பெண் குழந்தையையும் ஆண் குழந்தையையும் தனித்தனியே வைத்து இரண்டையும் ஒருசேரப் பார்க்கும் ஆய்வே இந்தக் கேள்வியை அடுத்த படிக்குக் கொண்டுசெல்லும். அதற்கு நம்மூர் வழக்கமே ஓர் ஒப்பீட்டைத் தருகிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது பரவலான வழக்கம். இரண்டாவது பிரசவத்தில் அவ்வளவு கட்டாயமில்லை. சில வீடுகளில் மூத்தது தாயோடு தாய்வீட்டுக்குப் போகிறது, சில வீடுகளில் அப்பாவோடும் அப்பாவைப் பெற்றவளோடும் இருந்துவிடுகிறது, சில வீடுகளில் யாருமே எங்கும் போவதில்லை. பிறப்பு ஒன்றாகவே இருக்க, இடமும் கைகளும் மாறும் மூன்று நிலைகள் இவை. எந்தக் குடும்பம் எதைத் தேர்கிறது என்பது வருமானத்தையும், பாட்டி உயிரோடும் வலுவோடும் இருக்கிறாளா என்பதையும், மூத்தது ஆணா பெண்ணா என்பதையும் பொறுத்திருக்கும். எனவே இந்த ஒப்பீட்டைத் தொடங்குபவர்கள், பிரசவத்துக்கு மாதங்கள் முன்பே, குழந்தைக்கு யார் சோறூட்டுகிறார்கள், யார் தூங்கவைக்கிறார்கள் என்பதைப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருக்கும்.